ரெஜினாவின் லத்தியும் ரேவதியின் கையெழுத்தும்

பொலிஸ் தொடர் பார்ப்பதில் வவுனியாக்காரருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தொடரில் கமரா எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம், பொலிஸ்காரர் இருக்கிற பக்கத்தில்தான் நிற்கும். நாங்களோ இந்தப் பக்கத்து வாங்கில் இருந்து பழகியவர்கள். போர்க்காலத்தில் பாஸ் எடுக்கவும், பாஸைப் புதுப்பிக்கவும், பிறகு பிள்ளையைக் காணவில்லை என்று சொல்லவும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அந்த வாங்கில் இருந்த ஊர் இது. அப்படியிருந்தும் பொலிஸ் கதை என்றால் எங்களுக்கு உயிர். அது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

புஷ்கர், காயத்ரி தம்பதி எழுதிய 'சுழல்' 2022 ஜூனில் அமேசன் பிரைமில் வந்தது. பக்கத்து வீட்டு மாமி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் அதை முழுவதும் பார்த்தார். ஸ்ரேயா ரெட்டி நடித்த இன்ஸ்பெக்டர் ரெஜினா தோமஸ் திரையில் வந்தால் மாமியின் முகம் மலர்ந்துவிடும். "உப்பிடி ஒரு பொம்பிளை இஞ்ச ஓஐசியா வந்தா, ஒருத்தனும் வாலாட்டமாட்டான் பிள்ளை" என்றார். மாமியின் மூத்த மகன் 2009இலிருந்து இல்லை. எத்தனை நிலையங்களில், எத்தனை ஆணைக்குழுக்களில் அவர் வாய்விட்டு அழுதிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரே ரெஜினாவின் லத்தியை ரசிக்கிறார் என்றால் அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியவில்லை.

இந்த ரசனை புதிதல்ல. தெலுங்கில் 1990இல் வந்த 'கர்த்தவ்யம்' படம் தமிழில் 'வைஜெயந்தி ஐபிஎஸ்' ஆனது. விஜயசாந்திக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்த தலைமுறையில் அந்தப் படத்தை அறியாதவர் குறைவு. காக்கிச் சட்டை போட்ட பெண் ஆண்களை அடித்து விழுத்துவதைப் பார்த்துக் கைதட்டிய பெண்கள், அடுத்த நாள் சோதனைச் சாவடியில் உண்மையான காக்கிச் சட்டைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். கைதட்டுக்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ரெஜினாவுக்கு வருவோம். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், ஒரு சீமெந்துத் தொழிற்சாலை, மயானக் கொள்ளைத் திருவிழா. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தோடு முட்டிக்கொண்டு, போராட்டக்காரரை அடக்கப் புறப்படுகிற இன்ஸ்பெக்டராகத்தான் ரெஜினா அறிமுகமாகிறார். அந்தக் காட்சிகளில் அவருடைய இடத்தில் ஓர் ஆண் இன்ஸ்பெக்டரை வைத்துப் பாருங்கள். முதலாளி பக்கம் நிற்கிற பொலிஸ் என்று முதல் நாளே அவனை வெறுத்திருப்போம். பெண் என்பதால் அதே அடியைத் துணிச்சல் என்கிறோம். பிறகு கதை அவர் வீட்டுக்குள் நுழைகிறது. சண்முகத்தின் மகள் நிலாவோடு ரெஜினாவின் மகன் அதிசயமும் காணாமல் போகிறான். தாயின் பதற்றம் வந்த பிறகு பழைய அடி முழுவதையும் மன்னித்துவிடுகிறோம். அதற்குள் அவரும், கதிர் நடித்த சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையும், நிலையத்தில் இருக்கிற மற்றவர்களும் நமக்கு ஒரு குடும்பம் ஆகிவிடுகிறார்கள். அவர்களோடு தேத்தண்ணி குடித்தாயிற்று, அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் போய்வந்தாயிற்று. இனி அவர்கள் கை யார்மீது விழுந்தாலும் அது நம் வீட்டுப் பிள்ளையின் கை.

பொலிஸ் தொடர்களின் சூட்சுமம் இதுதான் என்பது என் எண்ணம். எட்டு மணித்தியாலம் ஒரு குழுவோடு நம்மை இருத்திவைத்தால், அந்தக் குழு செய்கிற எதற்கும் நாங்களே சாட்டுச் சொல்லத் தொடங்குவோம். குழுவில் ஒரு பெண் இருந்தால் சாட்டு இன்னும் இலகுவாக வரும்.

'சுழல்' ஒரு விடயத்தை நேர்மையாகச் செய்தது, அதையும் சொல்லவேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். குற்றவாளி வெளியில் இருந்து வந்த அரக்கன் அல்ல, அதே வீட்டில் சோறு சாப்பிட்ட சித்தப்பா. நிலாவின் அக்காவாக ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த நந்தினி சிறுவயதில் இருந்து சுமந்த கொடுமை அது. ஆனால் முடிவில் தொடருக்குத் தெரிந்த வழி, நந்தினியின் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதுதான். 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் சிறையில் இருக்கிறாள். பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குத் தீர்வு, அவளையும் கொடுமை செய்ய விடுவது என்று கதை நின்றுவிடுகிறது. அவள் சிறுமியாக இருந்தபோது அந்தச் சாம்பலூர் நிலையத்துக்குப் போய் ஒரு முறைப்பாடு கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் கேள்வியைத் தொடர் கேட்கவில்லை. நான் பார்த்த பொலிஸ் தொடர் எதுவும் கேட்கவில்லை.

ஹிந்தித் தொடர்கள் கொஞ்சம் கிட்டப் போகின்றன. 2012 டெல்லிப் பேருந்துக் கொடுமையின் விசாரணையைச் சொல்லும் 'டெல்லி கிரைம்' 2019இல் வந்தது, அடுத்த ஆண்டு சர்வதேச எம்மி விருதும் வாங்கியது. ஷெஃபாலி ஷா நடித்த வர்த்திகா தன் ஆட்களை நித்திரை இல்லாமல் ஓடவைத்துச் சந்தேகநபர்களைப் பிடிக்கிறார். நல்ல தொடர்தான். ஆனால் அப்போது டெல்லித் தெருவில் பொலிசுக்கு எதிராக நின்ற இளம் பெண்களின் கோபம், நேர்மையான ஒரு பெண் அதிகாரியின் களைத்த முகத்துக்குப் பின்னால் மங்கிப்போகிறது. 2023இல் வந்த 'தஹாட்' எனக்கு அதைவிடப் பிடித்தது. ராஜஸ்தானின் மண்டாவா நகரத்தில் சோனாக்ஷி சின்ஹா நடித்த சப்-இன்ஸ்பெக்டர் அஞ்சலி, தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் நடந்து போகும்போதெல்லாம் அதே நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர் ஊதுபத்தி கொளுத்துகிறார். ஒரு வார்த்தை இல்லை, அடி இல்லை. ஒரு குழுவுக்குள் ஒரு பெண்ணுக்கு என்ன இடம் என்பதை அந்த ஊதுபத்திப் புகை சொன்னதுபோல எந்தச் சண்டைக் காட்சியும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கதையில் பெண்கள் வரிசையாகக் காணாமல் போகிறார்கள். "ஓடிப்போயிருப்பாள்" என்பதால் யாரும் தேடவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் இருந்து வவுனியா கண்டி வீதிக் கொட்டகையில் இருக்கிற எங்கள் அம்மாக்களிடம் "வெளிநாட்டில இருப்பினம்" என்று சொல்லப்பட்ட பதிலும் இதே ரகம்.

திரையை விட்டு நிஜத்துக்கு வந்தால், எழுதப்படாத தொடர் ஒன்று இருக்கிறது. 2020 ஜூன் 19ஆம் திகதி, கொரோனா ஊரடங்குக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோன இரவு நிலையத்தில் கடமையில் இருந்தவர்களில் ஒருவர் தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்க வந்த கோவில்பட்டி நீதவான் பாரதிதாசனிடம், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்தது என்று அவர் சாட்சி சொன்னார். சாட்சி சொல்லும்போது சக பொலிஸ்காரர்கள் வெளியே சூழ்ந்து நின்றார்கள். நீதவானையே ஒரு காவலர் ஒருமையில் இழிவாகப் பேசினார். நிலையத்துக் கமராப் பதிவுகள் நாளுக்கு நாள் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. சொன்ன சாட்சியத்தில் கையெழுத்திட ரேவதி தயங்கினார், பிறகு இட்டார். எல்லாம் முடிந்தபின் அதே சீருடையில், அதே ஆட்கள் நடுவில்தான் அவர் வேலைக்குப் போகவேண்டும் என்பதை நினைத்தால் அந்தத் தயக்கம் புரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிலையத்தையே வருவாய்த்துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது.

ரெஜினா லத்தியைத் தூக்கினால் அவருக்குப் பின்னால் ஒரு குழு நிற்கும். ரேவதி பேனாவைத் தூக்கியபோது குழு முழுவதும் எதிரே நின்றது. இதில் எது துணிச்சல் என்று மாமியிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

பதவி உயர்ந்தால் இந்தத் தனிமை போய்விடும் என்றும் இல்லை. 2021 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் மாவட்டக் கண்காணிப்பாளர் நிலையில் இருந்த ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரி, தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் மீது முறைப்பாடு கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரை மறித்தவர்களும் பொலிஸ்காரர்களே. ஒரு மாவட்டத்தையே ஆளுகிற அதிகாரிக்கு, ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இலங்கைப் பொலிசில் பெண்கள் 1952இல் சேர்ந்தார்கள். ஒரு பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபராவதற்கு 2020 வரை ஆயிற்று. பிம்ஷானி ஜாசிங்க ஆராச்சி அந்தப் பதவிக்கு வந்ததும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பதவிக்கான விதிகளில் பெண்கள் குறிப்பிடப்படவில்லை என்பதும் அவர்களுடைய வாதங்களில் ஒன்று. ஆண்களுக்கு ஆண்கள் கைகொடுப்பதில் மட்டும் இந்தக் குழுவுணர்வு எங்கும் தவறுவதில்லை. 2015 புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் பிரதான சந்தேகநபர் தப்பிப்போக உதவியவர் யார்? அப்போதைய சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவர். அந்தக் குற்றத்துக்கு 2025இல் அவருக்கு 4 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கிளிநொச்சியில் இயங்கிய, விடுதலைப் புலிகளின் தமிழீழக் காவல்துறையிலும் பெண்கள் இருந்தார்கள். நீலச் சீருடையோடு அவர்கள் சைக்கிளில் போவதைப் பெருமையோடு பார்த்த தலைமுறை எங்களுடையது. அங்கேயும் கேள்வி கேட்கக்கூடாத கதவுகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதிதான்.

எனக்குச் சிங்களம் கொஞ்சம் ஓடும் என்பதால் தெரிந்தவர்கள் பொலிசுக்குப் போகும்போது துணைக்குக் கூப்பிடுவார்கள். அப்படி ஒருமுறை, புருசன் அடித்துக் கன்னம் வீங்கிய ஓர் இளம் பெண்ணோடு ஒரு நிலையத்துக்குப் போனேன். புருசன் எங்களுக்கு முன்னமே வந்து, சார்ஜன்டோடு கதிரையில் இருந்தான். எங்களுக்கு வாங்கு. பெண்கள், சிறுவர் பிரிவு என்பது விறாந்தைக் கோடியில் ஒரு மேசை, அதில் தெற்கில் இருந்து வந்த ஒரு சின்னப் பெண் கான்ஸ்டபிள். "குடும்பப் பிரச்சினைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கோ" என்று சார்ஜன்ட் இருந்த இடத்தில் இருந்தே அவளுக்குச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். சார்ஜன்ட் தொலைபேசி எடுக்க எழும்பிப் போனதும் தலையை நிமிர்த்தாமல் சிங்களத்தில் என்னிடம் சொன்னாள்: "அக்கா, இண்டைக்கே இவவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை நான் இப்பவே எழுதித் தாறன். நாளைக்கெண்டால் கண்டல் மங்கிடும்." படிவத்தை நாலாக மடித்து, முறைப்பாட்டுத் துண்டுக்கு அடியில் வைத்து நீட்டினாள். சார்ஜன்ட் திரும்பி வந்தபோது மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளை வீராங்கனை ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவள் தன் கடமையைத்தான் செய்தாள், அதையும் ஒளித்துச் செய்யவேண்டியிருந்தது. பெண் பொலிஸ் அடிக்கிற காட்சிகளை எழுதத் தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சட்டம் சொன்னதைச் செய்வதற்காக ஒரு பெண் தன் குழுவைப் பார்த்துப் பயப்படுகிற காட்சியை யாராவது எழுதினால், மாமியோடு இருந்து முழுவதையும் பார்ப்பேன்.

அதுவரை, தொடர் பார்க்கிற சகோதரிகளுக்குச் சில நடைமுறை விடயங்கள். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இருந்தே இந்த நாட்டில் இருக்கிறது; பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீங்களே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால், வாசித்துச் சொல்லக் கேளுங்கள், விளங்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். காயம் இருந்தால் படிவத்தைக் கேட்டு வாங்கி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. தனியாக மட்டும் போகாதீர்கள், பக்கத்து வீட்டு ஆளையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.