முதற்பிரதியும் கடைசிப் பிரதியும்

புத்தக வெளியீடு என்பது எங்கள் சமூகத்தில் ஒரு கலியாண வீடு மாதிரி. அழைப்பிதழ் அடிப்பார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுப்பார்கள். கனேடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, மௌன அஞ்சலி, மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை என்று நிகழ்ச்சி ஒழுங்கு போகும். ஆய்வுரை செய்பவர் எழும்பி வரும்போது பிள்ளைகளோடு வந்தவர்களும் எழும்பத் தொடங்குவார்கள். முதற்பிரதியை ஒரு வர்த்தகர் வாங்குவார். சிறப்புப் பிரதிகளை மற்றவர்கள் வரிசையில் வந்து வாங்குவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு என்வலப். பிறகு ஏற்புரை, நன்றியுரை, தேநீர்.

இதைக் கேலி செய்து எழுதுவது சுலபம். எழுதியும் விட்டார்கள். எங்களுக்கு அந்த நோக்கம் இல்லை. அந்த என்வலப்புகள் இல்லாவிட்டால் ரொறன்ரோவில் தமிழ்ப் புத்தகம் என்று ஒன்று இராது. சிறு பதிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எழுத்து இங்கே கணினியில் ஏறுகிறது. அச்சு சென்னையில் நடக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்ப் புத்தகம் என்றால் 1200 பிரதி என்பது வழக்கம். இப்போது 300 அடித்தாலே பதிப்பாளர் துணிந்தவர். அதிலும் பாதி அங்கேயே நின்றுவிடும். மீதி பெட்டிகளில் இங்கே வரும்போது, கொண்டுவரும் கூலி சில வேளைகளில் அச்சுக் கூலியைத் தொட்டுவிடும். பலசரக்குக் கடையில் வைத்தால் கலண்டருக்குப் பக்கத்தில் கிடந்து தூசு பிடிக்கும். விற்ற காசு கைக்கு வர மாதக்கணக்காகும். ஆகவே ஒரே ஒரு மாலையில், ஒரே ஒரு மண்டபத்தில், போட்ட காசை எடுத்தாக வேண்டும். அதற்கு எங்கள் சனத்துக்குத் தெரிந்த வழி மொய்.

மொய்யில் ஒரு சங்கடம் இருக்கிறது. மொய் வைத்தவர் பலகாரப் பையைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. புத்தகத்துக்கும் அதேதான் நடக்கிறது. இருபது டொலர் புத்தகத்துக்கு ஐம்பது வைத்தவர் தன் கடமை முடிந்ததென்று போகிறார். எழுதியவர் மனிதர்களைச் சம்பாதிக்கிறார். வாசகர்களைச் சம்பாதித்தாரா என்பது அன்றைக்குத் தெரியாது.

நாங்கள் என்று சொல்வது யாரை என்று சொல்லிவிட வேண்டும். மோர்னிங்சைட் வீதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் குசினியிலும், பக்கத்துக் கடைகளிலும் வேலை செய்கிற ஆறு பேர். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது கொத்துரொட்டி, கறி, பலகாரம் என்று ஆளுக்கு ஒரு பகுதி. பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கிறோம். இடியப்பம் அவிக்கிற அக்காவுக்கு மட்டும் ஐம்பது தாண்டிவிட்டது. எங்களில் மூன்று பேர் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவர்கள், ஒருவரும் முடிக்கவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதோடு ஒருவருக்குப் படிப்பும் மூடப்பட்டது. மற்ற இருவருக்கும் அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்கள் போதுமானதாக இருந்தன.

இலக்கியச் செய்திகள் எங்களுக்கு ஓடர்ப் புத்தகம் வழியாகத்தான் வருகின்றன. சனிக்கிழமை ஐந்து மணிக்கு 150 ரோல்ஸ், 150 வடை, மண்டபத்துக்கு என்று எழுதியிருந்தால் அது வெளியீட்டு விழா. 300 என்றால் எழுத்தாளருக்குச் சொந்தக்காரர் அதிகம், அல்லது தமிழ்நாட்டிலிருந்து யாரோ வருகிறார். 60 என்றால் கவிதைத் தொகுதி. இதை நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. ஆனால் 60 ரோல்ஸ் போன புத்தகங்களில்தான் எங்களுக்குப் பிடித்தவை கூட இருந்தன.

சனி மாலை ஐந்து மணிக்கு எங்களால் எந்த மண்டபத்துக்கும் போக முடியாது. கடைக்கு அதுதான் உச்ச நேரம். ஞாயிறும் அப்படியே. ரக்சி ஓட்டுகிறவர்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற பெண்கள், இரவு வேலைக்காரர் எல்லோருக்கும் இதே கதை. எழுத்தாளரின் முகத்தை நாங்கள் பத்திரிகைப் படத்தில்தான் காண்கிறோம்.

புத்தகம் எங்களிடம் பிறகு வருகிறது. விழா முடிந்து விற்காத பிரதிகள் பெட்டியோடு பதிப்பாளரின் பேஸ்மென்ற்றுக்குத் திரும்பும். அங்கிருந்து ஒன்றிரண்டாக வெளியே வரும். ஆறு பேரும் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்குவோம். முதலில் வாசிப்பவர் மேலட்டையில் உறை போடவேண்டும் என்பது சட்டம். குசினிக்குள் கொண்டுபோகக்கூடாது என்பது இரண்டாவது சட்டம். அது அடிக்கடி மீறப்படும். இரவு வேலை முடிந்து 116 ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது வாசிப்பது. ஆறாவது ஆளிடம் போகும்போது பக்கங்களில் மஞ்சள் இருக்கும், பென்சில் கோடுகள் இருக்கும், ஓரத்தில் சண்டையும் இருக்கும். ஒரு நாவலின் ஓரத்தில் "இது பொய், கோப்பை கழுவுற இடத்தில ஒருத்தரும் நிலவைப் பார்க்கிறதில்லை" என்று ஒருவர் எழுத, "நான் பார்க்கிறனான்" என்று அடுத்தவர் எழுதியிருந்தார்.

இப்படி ஒரு பிரதியை ஆறு பேர் வாசிப்பது பதிப்பாளருக்கு நட்டம் என்று சொல்லலாம். எழுதியவரைக் கேட்டுப் பாருங்கள். வர்த்தகரின் வரவேற்பறையில் இருக்கும் முதற்பிரதியா, மஞ்சள் படிந்த இந்தக் கடைசிப் பிரதியா வேண்டுமென்று அவர் யோசிக்க மாட்டார்.

சிறு பதிப்பு எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் இலக்கியமே அப்படித்தான் வந்தது. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளி. 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். 2012 வரை அது வந்தது. இதழைத் தானே கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து விற்றவர் அவர். யார் வாங்கினார், யார் வாசித்தார், யார் வாசிக்காமலே நன்றாயிருக்கிறது என்றார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தொழிலாளி ஒருவர் பதிப்பாளராக இருப்பதில் எங்களுக்கு இருக்கும் பெருமையை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு சங்கிலியையும் பாருங்கள். 1955 இல் மஹாகவியின் 'வள்ளி' தொகுதியை வெளியிட்டவர் வரதர். அவரும் பெரிய முதலாளி இல்லை. எழுத்தாளர், அச்சுத் தொழில் தெரிந்தவர். முப்பது வருடங்களின் பின், 1985 இல், மஹாகவியின் மகன் சேரனும் அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராஜன் ஆகியோரும் சேர்ந்து 31 கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்த 'மரணத்துள் வாழ்வோம்' தமிழியல் வெளியீடாக வந்தது. அதன் இரண்டாம் பதிப்புக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தது கோவை விடியல், அதுவும் சிறிய பதிப்பகந்தான். இங்கே ரொறன்ரோவில், கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த எம். ஜி. வசன்ஜியும் நூர்ஜஹான் அஸீஸும் 1981 இல் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார்கள். அது ரீ. எஸ். ஏ. ஆர். என்ற சிறு பதிப்பகமாக வளர்ந்து இன்று மவென்சி ஹவுஸ் என்ற பெயரில் இயங்குகிறது. செல்வா கனகநாயகம் மொழிபெயர்த்த சேரனின் கவிதைகளை 2011 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது இந்தப் பதிப்பகம். தகப்பனிலிருந்து மகனுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு, ஐம்பத்தாறு வருடங்கள். இடையில் ஒரு பெரிய நிறுவனமும் இல்லை.

பத்மநாப ஐயரின் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே கடந்துபோக முடியாது. ஈழத்துப் புத்தகங்களைத் தமிழ்நாட்டு எழுத்தாளர்களிடம் சுமந்துபோய்க் கொடுத்தவர். லண்டனுக்குப் போன பிறகும் சும்மா இருக்கவில்லை. 1997 இல் 'கிழக்கும் மேற்கும்', 1998 இல் 'இன்னுமொரு காலடி', 1999 இல் 'யுகம் மாறும்' என்று நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் மூலம் தடித்த தொகுப்புகளைக் கொண்டுவந்தார். 2004 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை ரொறன்ரோவின் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. புத்தகம் எழுதியவருக்கல்லாமல் புத்தகத்தைச் சுமந்தவருக்குக் கொடுத்த விருது என்று நாங்கள் அதை எடுத்துக்கொள்கிறோம். இதே ஊரில் 1990 இலிருந்து 'காலம்' இதழை நடத்திவரும் செல்வம் அருளானந்தம், 'வாழும் தமிழ்' என்ற பெயரில் புத்தகக் கண்காட்சிகளையும் நடத்தியிருக்கிறார். கண்காட்சியில் ஒரு வசதி உண்டு. மேடை இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு வாங்காமலும் போகலாம்.

இவ்வளவையும் நாங்கள் சொல்வதற்குக் காரணம் ஒரு கொப்பி.

எங்களில் ஒருவர் 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் வந்தவர். அந்தக் கப்பலில் 492 பேர். கடலில் கழிந்த நாட்களையும் இறங்கிய பிறகு தடுப்பில் இருந்த மாதங்களையும் அவர் ஒரு சீ. ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் வாசித்துவிட்டோம். தண்ணீர் பங்கிடும் ஒழுங்கைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. அப்படி ஒன்றை நாங்கள் வேறெங்கும் வாசித்ததில்லை. அச்சுக்கு எப்போது போகும் என்று கேட்டால் கொப்பியை மூடி வைத்துவிடுவார். கப்பலில் வந்த பலருடைய வழக்குகள் வருடக்கணக்காக இழுபட்டன. ஒருவர் எழுதும் ஒரு வரி இன்னொருவரின் கோப்புக்குள் போய்விடலாம் என்ற பயம் அவருக்கு இருந்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்தோடு பேசிப் பார்த்தோம். கொப்பியைத் திறக்க முன்னமே செலவுக் கணக்கு வந்தது. எழுதியவர் இவ்வளவு கட்டவேண்டும், நூறு பிரதி அவரே எடுக்கவேண்டும், விழாவுக்கு முதற்பிரதி வாங்க ஒரு பிரமுகரைப் பிடிக்கவேண்டும். பெயர்களை எப்படி மாற்றுவது, எதை இப்போது விடுவது, எதைப் பத்து வருடம் கழித்துச் சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. அக்காதான் தொலைபேசியை வைத்த பிறகு கேட்டா: "தம்பி, அவை உன்ர கொப்பியை வாசிச்சவையோ?"

அந்தக் கேள்விதான் எங்களுக்கும் இருக்கிறது. சிறு பதிப்பாளரால் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அவர் எழுதியவரோடு ஒரு மேசையில் இருந்து வரி வரியாகப் பார்க்கலாம். அவசரமில்லை, பிறகு போடுவோம் என்று சொல்லலாம். பெரிய நிறுவனத்துக்கு அதற்கு நேரம் இல்லை. சிறியவர் அந்த நேரத்தை மண்டபம் பிடிக்கவும் பிரமுகர் தேடவும் செலவழித்துவிட்டால், 300 பிரதி அடிக்கும் சிரமத்தை எதற்காகப் படவேண்டும்?

எங்கள் கடைக்குக் கிட்ட, மோர்னிங்சைட்டும் எல்ஸ்மியரும் சந்திக்கும் பக்கத்தில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் இருக்கிறது. அங்கே தமிழுக்கு ஓர் இருக்கை அமைக்க எங்கள் சனம் 30 இலட்சம் டொலர் சேர்த்தது. எங்கள் கடையின் கல்லாவுக்குப் பக்கத்திலும் உண்டியல் ஒன்று இருந்தது, நாங்களும் போட்டோம். இருக்கை வருவது நல்லது. நாளைக்கு அதைச் சுற்றி இருந்து படிக்கப்போகிற பிள்ளைகள் இந்த ஊரில் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடுவார்கள். விழா மலர்களும் வாழ்த்துச் செய்திகளும் அவர்களுக்கு நிறையக் கிடைக்கும். குசினியும் கப்பலும் தடுப்பு முகாமும் கிடைக்கவேண்டுமானால் இப்போது யாராவது கொப்பிகளைத் திறந்து பார்க்கவேண்டும்.

பதிப்பாளர்களிடம் எங்களுக்கு ஒரு சிறிய கேள்வி. சனிக்கிழமை விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. அது இல்லாமல் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். அதோடு சேர்த்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தாருங்கள். செவ்வாய் வெறுவாய் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் கடைக்கும் அன்றுதான் லீவு. விளக்கு வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஓர் அறையும் பத்துக் கதிரையும் போதும். எழுதியவர் வந்து இருபது பக்கம் வாசிக்கட்டும். நாங்கள் வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறோம். ஓரத்தில் எழுதிய சண்டைகளையும் கொண்டுவருகிறோம். என்வலப் கொண்டுவர மாட்டோம். ஆளுக்கு ஒரு பிரதிக்கான காசைக் கொண்டுவர முயற்சி செய்கிறோம்.

கொப்பிக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொப்பியைக் கொண்டுவருவாரா என்பது நீங்கள் மற்றவர்களின் எழுத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.