இரண்டாவது மருத்துவர்

எங்கள் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பேச்சையே நிறுத்திக்கொண்டான். இரவில் தூக்கமில்லை. புத்தகப் பையைத் தொட்டாலே வாந்தி. பள்ளியில் அவனை மட்டும் கழிவறை கழுவ அனுப்பியிருக்கிறார்கள், சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் உடனே புகார் மனு எழுதினோம். "இது நோய் இல்லம்மா, சாதிக் கொடுமை" என்று அவன் அம்மாவிடம் சொன்னதும் நாங்கள்தான். மனு மேசை மேசையாக நகர்ந்த இரண்டு மாதமும் பிள்ளை தூங்கவில்லை. ஒருநாள் இரவு, "நான் இல்லாமப் போயிட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்லம்மா" என்று கேட்டிருக்கிறான்.

விடிந்ததும் டவுனில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் ஓடினோம். "எந்தத் தெரு? அப்பா குடிப்பாரா?" இரண்டே கேள்விகள். பையனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவங்க வீட்டுச் சூழல் அப்படித்தான்" என்று மாத்திரை எழுதினார். (அவன் அப்பா குடிப்பதில்லை. அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை.) என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று எதையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வரிசையில் நின்றோம். அந்த மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையனோடு மட்டும் இருந்தார். "இங்க வர உனக்கு விருப்பமா?" என்று கேட்டாராம். இல்லை என்றிருக்கிறான். "சரி, சும்மா உட்காந்திருப்போம்" என்றாராம். அன்றைக்கு அவன் பேசினான்.

பிறகு எங்களை அழைத்து, இது மனச்சோர்வு என்றார். மாத்திரை எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம், எப்போது குறைப்போம் என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேச வைத்தார். கடைசியில் எங்களைப் பார்த்து, "புகாரை விடாதீங்க. ஆனா ஒவ்வொரு அதிகாரிகிட்டயும் அவனையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க" என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

நம்மவராக ஒரு மருத்துவர் கிடைப்பாரா என்று நாங்கள் முதலில் தேடியது உண்மை. இவர் என்ன சாதி என்று இன்றுவரை தெரியாது. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டார், கேட்டதை நம்பினார்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மருந்து எழுத மனநல மருத்துவம் படித்தவர் வேண்டும், உளவியலாளர் மருந்து எழுத முடியாது. குழந்தைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவர் சரியில்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் தொடங்கிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் எந்நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது.

இப்போது வேறு பள்ளியில் படிக்கிறான். விசாரணை இன்னும் முடியவில்லை. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனால் அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும். அதை நாங்கள் பங்கு போட்டுக் கொடுக்கிறோம்.