இடுப்புக் கத்தியும் 27-ஆம் பிரிவும்

பொன்னேரி நீதிமன்றத்துக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் வராத மாதம் இல்லை. வலைத் தகராறு, படகுக் கடன், கரை நிலம், பாடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அப்படி வந்த ஒரு கத்தி வழக்கை இளம் வழக்கறிஞர்களிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. இந்திய தண்டனைச் சட்டமும் பழைய சாட்சியச் சட்டமும் நடைமுறையில் இருந்த காலம் அது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.

என் கட்சிக்காரர் அறுபதைத் தாண்டியவர். புகார் கொடுத்தவர் அவருடைய சொந்த அக்காள் மகன். தகராறு பாட்டு முறையை ஒட்டி எழுந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் இறால் படும் இடங்களை மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எந்த நாளில் எந்த இடத்தில் யார் கம்பு நட்டுச் சுத்து வலை கட்டலாம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். இதைத்தான் பாடு என்கிறார்கள். அன்று அது மாமனின் முறை. மருமகன் முந்திக்கொண்டு வலை கட்டிவிட்டார்.

பழவேற்காட்டு ஏரி பரப்பில்தான் பெரியது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே இருக்கும். ஆகவே சண்டையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே நடந்தது. பெரியவர் மடக்குக் கத்தியை எடுத்து, வலையைக் கம்போடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். இதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. அடுத்து நடந்ததில்தான் இரு தரப்பும் வேறுபட்டன. அதே கத்தியால் தன் இடது முன்கையைக் கீறினார் என்றார் மருமகன். கயிறு விட்டுப்போனதும் அவன் கம்பின் மேலேயே சாய்ந்தான், கம்பில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்தது என்றார் மாமன்.

கயிறு அறுத்ததை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்தது. பெரியவர் கயிற்றுக்கான பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் அதற்குள் புகார் காவல் நிலையம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியதாக 324-ஆம் பிரிவும், அதோடு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் போட்டார்கள். பின்னதைச் சேர்த்ததால்தான் அவர் புழல் சிறைக்குப் போக நேர்ந்தது. ஜாமீனில் வந்த பிறகு என் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் வருத்தப்பட்டது சிறையைப் பற்றி அல்ல. "அது இல்லாம எப்பிடி சார் தொழிலுக்குப் போறது? வேற கத்தி கைக்கு வரல" என்றார்.

அந்த ஏரிக்கரையில் கத்திக்கு என்ன வேலை என்று தெரியாமல் இந்த வழக்கை நடத்த முடியாது. வலை கம்பில் சிக்கினால் அறுக்க வேண்டும். மோட்டார் விசிறியில் நூல் சுற்றினால் மூச்சடக்கி முங்கி அறுக்க வேண்டும். வலை இறக்கும்போது கயிறு காலைச் சுற்றி இழுத்தால், எட்டுகிற தூரத்தில் கத்தி இருப்பவன் பிழைப்பான். உயிர் நண்டின் கொடுக்கைக் கட்டிய நூலை நறுக்குவது, கம்பில் படிந்த சிப்பியைச் சுரண்டுவது, கரையில் நுங்கு சீவுவது எல்லாம் அதே கத்திதான். சட்டைப்பையில் வைத்தால் தண்ணீரில் விழுந்துவிடும் என்பதால் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொள்வார்கள்.

விசாரணையில் அந்தக் கத்தி சான்றுப் பொருள் 1 ஆக வந்தது. அரக்கு முத்திரை உடைத்துத் துணியைப் பிரித்ததும் வாங்கிப் பார்த்தேன். கைப்பிடியின் ஒரு பக்க மரம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து நைலான் நூலால் வரிந்திருந்தார்கள். அலகு கீலை ஒட்டிய இடத்தில் மட்டும் பழைய அகலத்தோடு இருந்தது. சாணைக்கல் எட்டாத இடம் அது. அங்கிருந்து முன்னே வரவர அலகு பாதிக்கும் மேல் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. மடக்கினால் கைப்பிடியின் பள்ளத்தில் விளிம்பு நிறையவில்லை. நுனி எப்போதோ உடைந்து, தேய்த்துத் தேய்த்து மழுங்கலாக்கப்பட்டிருந்தது. எத்தனை வருடம் உழைத்த கத்தி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கைப்பற்றுதல் மகஜரோ வேறு கதை சொன்னது. கைதான எதிரி காவலில் இருக்கும்போது தாமாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, மீன் ஏலக் கூடத்தின் பின்னே முள்புதரில் ஒளித்துவைத்திருந்த "சுமார் 7 அங்குலக் கத்தி"யை எடுத்துக் கொடுத்தாராம். காவலில் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதன் விளைவாக ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லும். அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் கத்தியை உள்ளே கொண்டுவந்தார்கள்.

இந்தப் பிரிவுக்கு இன்றளவும் வழிகாட்டி, 1947-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளிவந்த புலுக்குரி கோட்டையா வழக்கு. குண்டூர்ப் பகுதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே நீதிபதிகள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு கத்திதான். வீட்டுக் கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கண்டுபிடிக்கப்பட்டது கத்தி அல்ல. கத்தி என்ற பொருளை உலகம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டது. அவருக்குத் தெரிந்து அந்த வீட்டில் கத்தி மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதே புதிதாகத் தெரியவரும் விஷயம். அந்தக் கத்தியால்தான் குற்றம் நடந்தது என்பதைத் தனியே நிரூபித்தாக வேண்டும்.

எனவே என் வேலை இரண்டு. கத்தி மறைத்துவைக்கப்படவே இல்லை என்று காட்ட வேண்டும். காயம் அந்தக் கத்தியால் வந்ததில்லை என்றும் காட்ட வேண்டும்.

முதலாவதைப் புகார்தாரரே முடித்துக் கொடுத்தார். குறுக்கு விசாரணையில் கத்தியைக் காட்டி, இதை எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதிருந்தே மாமா இடுப்புலதான் கிடக்கும்."

"போலீஸ் அவரை எங்கே பிடித்தார்கள்?"

"கரையிலதான், ஐயா. நானும் நின்னேன்."

"அப்போது கத்தி?"

"இடுப்புலதான். அதை அவுத்து வாங்கிக்கினுதான் ஜீப்புல ஏத்துனாங்க."

முள்புதர் அதோடு மறைந்துபோனது. நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களிடமும் இப்படிக் கத்தி இருக்கிறதா?" என்று சாட்சியைக் கேட்டார். அவர் சற்றுத் தயங்கி, "இருக்குது ஐயா. கோர்ட்டுக்குள்ள எடுத்தாரக் கூடாதுன்னு டீக்கடையில குடுத்துட்டு வந்தேன்" என்றார். சிரிப்பு அடங்கியதும், மற்ற மீனவ சாட்சிகளிடமும் அதையே கேட்டார் நடுவர். எல்லோருடைய கத்தியும் அதே டீக்கடையில்தான் இருந்தது.

மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி, தாம் ஏலக் கூடத்தின் பின்பக்கம் போகவே இல்லை, நிலையத்தில் வைத்துக் கையெழுத்திட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வேலைக்கு மருத்துவரின் காயச் சான்றிதழ் உதவியது. முன்கையில் ஒன்றுக்கொன்று இணையாக மூன்று கிழிசல் காயங்கள், ஓரங்கள் சீராக இல்லை என்று அவர் எழுதியிருந்தார். கூரான கத்தி ஒரே வீச்சில் மூன்று கோடு போடாது. அது போடும் வெட்டின் ஓரமும் நேராக இருக்கும். சிப்பி படிந்த கம்பில் கை உரசினால் இத்தகைய காயம் வருமா என்றேன். வரலாம் என்றார் மருத்துவர். சான்றுப் பொருளைக் கையில் கொடுத்து இதனால் வருமா என்றேன். வாய்ப்புக் குறைவு என்றார்.

மிச்சமிருந்தது ஆயுதச் சட்டம். அதற்கு எனக்கு ஓர் அளவுகோலே போதுமானதாக இருந்தது. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகையே கணக்கில் எடுக்கிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றை விலக்கிவிடுகிறது. மகஜர் எழுதிய 7 அங்குலம், கத்தியை விரித்து வாலிலிருந்து நுனிவரை அளந்தது. நீதிமன்றத்தில் அலகை மட்டும் அளந்தபோது 3 அங்குலம் கூடத் தேறவில்லை. காவல் துறையின் கணக்கையே ஏற்றாலும் குற்றம் நிற்காது. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் கடுமையாகத் தடுக்கிறது. அதுவே 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியை விட்டுவிடுகிறது. தொழிலுக்காக வைத்திருந்தேன் என்பதையும் எதிர்வாதமாக ஏற்கிறது. தில்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியைப் பற்றியது, அங்கும் 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று அளவு சொல்லித்தான் தொடங்குகிறார்கள். கத்தியைப் பார்த்த பயத்தை வைத்து எந்தச் சட்டமும் தண்டிக்கவில்லை. அளவு, நோக்கம், பயன்படுத்திய விதம் என்று மூன்றையும் கேட்கிறது.

இரண்டு பிரிவுகளிலிருந்தும் நடுவர் பெரியவரை விடுவித்தார். மறைத்துவைத்ததாகச் சொன்ன கதை நிரூபிக்கப்படவில்லை, காயத்துக்கும் கத்திக்கும் தொடர்பு காட்டப்படவில்லை, கத்தி ஒரு தொழிற்கருவி என்று தீர்ப்பில் எழுதினார்.

வழக்கு முடிந்தால் சான்றுப் பொருளான கத்தியை அழித்துவிடச் சொல்வதுதான் வழக்கம். அரசுத் தரப்பு அதைத்தான் கேட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452-ஆம் பிரிவின்கீழ் நான் மனுப் போட்டேன். கத்தி குற்றத்தில் பயன்படவில்லை என்று தீர்ப்பே சொன்ன பிறகு, உரியவரிடம் கொடுப்பதுதானே முறை? மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் திருப்பித் தரும்படி உத்தரவானது. பெரியவர் ரசீதில் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டார். அழைத்துப் போக வந்திருந்தவர் மருமகன்.

2024 ஜூலை 1 முதல் சட்ட எண்கள் மாறிவிட்டன. 324-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1). சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே கத்தியோ அரிவாளோ கைப்பற்றப்பட்ட வழக்கு கைக்கு வந்தால், அந்தக் காணொளியை முதலில் கேளுங்கள். மகஜரில் அலகின் நீளமும் அகலமும் கைப்பிடியின் நீளமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பொருளை நீதிமன்றத்தில் பிரிக்கச் சொல்லி உங்கள் கையால் அளந்து பாருங்கள். கட்சிக்காரர் விடுதலையானால், அவருடைய கருவியைத் திரும்பக் கேட்டு மனுப் போட மறக்காதீர்கள்.