வீல் கட்டுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடைகளில் ஒரு புதுக் கூட்டம் நிற்கும். தலையில் ஹெல்மெட், தரையில் டக்டக்கென்று ஒலிக்கும் காலணி, மதிலோரம் சாய்த்து வைத்த கார்பன் சைக்கிள்கள். தாம்பரம் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்து, பாடலாத்ரி நரசிம்மரின் சிறு குன்றைக் கடந்து, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை திரும்புகிறவர்கள். ‘வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ என்ற பெரிய குழுவுக்குப் பகுதிவாரியாகக் கிளைகள் உண்டு. பழைய கோயில்களையும் ஏரிகளையும் தேடிப் போகிற ‘சைக்கிளிங் யோகிஸ்’ தனி ரகம்.

ரேஸ் சைக்கிளைக் கையால் செய்கிறவர் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறாரா என்று அவர்களிடம் விசாரித்தேன். ஃப்ரேம் செய்கிறவர் கிடைக்கவில்லை. வீல் கட்டுகிறவர் கிடைத்தார்.

கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு காற்றடிக்கும் கம்ப்ரெசர், பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி. முக்கால்வாசி இடத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சோறு போடுவது அவைதான். நான் போன அன்று ஒரு ரேஸ் சைக்கிளின் பின் வீலும் வந்திருந்தது. பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்துவிட்டதாம். ஒரு ஷோரூமில், ‘சரிவராது, முழு வீலையும் மாத்திடுங்க’ என்றார்களாம். “ஹப்பு புதுசு கணக்கா இருக்குது. அதைத் தூக்கிப் போடச் சொல்றாங்க” என்றார். ஹப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, வேறு ரிம்மில் புதிதாகக் கட்ட உட்கார்ந்தார்.

மொத்தம் 32 கம்பிகள். மரை முனையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். ஹப்பின் இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு துளை. அதில் எட்டுக் கம்பி உள்ளேயிருந்து வெளியே வரும், எட்டு வெளியேயிருந்து உள்ளே போகும். ஒரு கம்பி ரிம்மைத் தொடுவதற்குள் எதிர்த்திசையில் சாய்ந்த மூன்று கம்பிகளைக் கடந்தாக வேண்டும். மூன்றாவதை மட்டும் மறுபுறமாகப் பின்னிக் கடக்கிறது. மிதிக்கிற விசை ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போவது இந்தச் சாய்வினால்தான். பின் வீலில் இன்னொரு சிக்கல்: வலப்பக்கம் பல்சக்கரங்கள் இடம் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் ஓட வேண்டுமானால் அவற்றை இடப்பக்கத்தைவிட அதிகமாக முறுக்க வேண்டும்.

கவிழ்த்து வைத்த சைக்கிளில் வீலை மாட்டிச் சுழற்றினார். கட்டைவிரல் நகத்தை ரிம்முக்கு மயிரிழை தள்ளி வைத்துக்கொண்டு, நகத்தில் உரசுகிற இடத்தில் நிறுத்தி, கம்பியை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கிற நிப்பிளைக் கால் திருப்பு. மறுபடி சுழற்சி, மறுபடி கால் திருப்பு. பக்கவாட்டுக் கோட்டம் போன பிறகு மேல் கீழ் ஏற்ற இறக்கம். இழுவிசை அளக்க மீட்டர் இருக்கிறதே என்றேன்.

“கிளப்புல ஒரு சார் காட்டினாரு. தட்டினா காதுக்குத் தெரியுது தம்பி. ஒரு பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரே சத்தம் குடுக்கணும். எது மொட்டையா கேக்குதோ அது லூசு.”

விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போனார். பிறகு இணை இணையாகக் கம்பிகளைப் பிடித்து அழுத்தினார். ‘டிக், டிக்’ என்று முறுக்கு விட்டுக்கொடுக்கிற ஓசை. இதைச் செய்யாத வீல் பத்துக் கிலோமீட்டரில் கோணிவிடும் என்றார். மறுபடி முதலிலிருந்து கோட்டம் பார்த்தார். அவசரப்படவே இல்லை. பஞ்சருக்கு வந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

இந்தக் கை இருக்கிற ஊரில் ஃப்ரேம் ஏன் பிறக்கவில்லை? பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது, முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய்க்கே ஆலை வந்துவிட்டது. ரேஸ் சைக்கிள் உலகம் கொண்டாடும் ரெனால்ட்ஸ் 531 குழாயை 1935-இல் கொண்டுவந்த நிறுவனமும் அதே பிரிட்டிஷ் குழுமத்தைச் சேர்ந்ததுதான். பற்றவைக்கிற கைகளுக்கோ மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் பஞ்சமில்லை.

இல்லாதது, ஆர்டர் கொடுக்கிற கிளப். இங்கிலாந்தில் பொதுச்சாலைப் போட்டிகளை அன்றைய சைக்கிள் சங்கமே தடை செய்தபோது, 1895-இல் நார்த் ரோடு கிளப்பின் பிட்லேக், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் கடிகாரத்தோடு ஓட்டும் முறையைக் கொண்டுவந்தார். கறுப்பு உடையில், விடியற்காலையில், போலீஸ் கண்ணில் படாமல் ஓட்டினார்கள். அந்த கிளப்காரர்கள்தான் தெருமுனைப் பட்டறைகளுக்கு அளவு கொடுத்து ஃப்ரேம் வாங்கினார்கள்; டோட்டன்ஹாமின் ஹெட்சின்ஸ் அப்படி வளர்ந்த பெயர். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயம் அங்கீகரிக்கப்பட்ட எஃகு ஃப்ரேம்களையே கேட்டதால் சிறு பட்டறைகள் பிழைத்தன. நம் குழுக்களும் விடியற்காலையில்தான் கிளம்புகின்றன. ஆனால் வண்டி மட்டும் பெட்டியில் வருகிறது.

பெட்டியில் வருகிற கார்பன் வண்டி எடை குறைவு என்பார்கள். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்கிற பிரெவே ஓட்டத்துக்கும், 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கிற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்கும் எஃகு தாராளமாகப் போதும். உடைந்தால் பித்தளை வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடம் வேறு இருக்கிறது. கியரும் பிரேக்கும் இல்லாத டிராக் சைக்கிளைவிடக் கையால் செய்து பழகத் தோதான வண்டி ஏது?

வீலுக்கு அவர் கேட்ட கூலி, ஒரு குழு காலையில் பொங்கலும் வடையும் சாப்பிட்ட பில்லுக்குக்கூட வராது. குழுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரிம் நெளியும்போது வீலை மாற்றாதீர்கள், கட்டக் கொடுங்கள்; கேட்டதற்கு மேல் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பற்றவைப்பாளரிடம் முதல் ஃப்ரேமுக்கு அளவும் கொடுக்கலாம்.