தனியே சென்றவர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குக் கடற்பயணம் புதுமையன்று. ஆயினும், ஒருவர் தன்னந்தனியே பாய்ப்படகில் உலகைச் சுற்றினார் என்னும் செய்தி நம்மையும் வியக்கவே வைக்கிறது.

இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1இல் மும்பையிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 33. எக்கரையிலும் தங்காது உலகைச் சுற்றி, 2013 மார்ச் 31இல் மீண்டார். அவ்வாறு சுற்றிய முதல் இந்தியர் அவரே.

ஆனால், அவர் உண்மையில் தனியே சென்றாரா? அவரைச் சுமந்த படகைக் கோவாவின் தொழிலாளர் கைகள் கட்டின. 2018 செப்டம்பரில், ஓர் உலகப் போட்டியின் நடுவே, தென் இந்துமாக்கடலின் புயல் பாய்மரத்தையும் அவருடைய முதுகெலும்பையும் முறித்தது. விமானங்கள் தேடின, மூன்று நாட்களின் பின் பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது. 2023இல் அதே போட்டியில் அவர் இரண்டாமிடம் பெற்றார். மனிதரின் கூட்டுறவன்றோ அவருக்கு மறுவாழ்வு தந்தது!

கொட்டியாரக் குடாவில் இரவுதோறும் வலையோடு செல்லும் மீனவரையும் எண்ணிப் பார்ப்போம். அவர் தேடுவது புகழையன்று, அரிசியை. விடிந்தும் திரும்பாத வள்ளத்துக்காகப் பெண்கள் கரையில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். முதலில் தேடப் புறப்படுவோர் அயல் வள்ளக்காரரே.

மாணவர்க்கு அபிலாஷின் துணிவைக் கற்பிப்போம். அவரைக் காத்த ஏற்பாடு கூலிக்குக் கடலேறுவோருக்கும் உரியது என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.