ஈ ஓட்டப் போன கதை

"வாத்தியார்களுக்கென்ன, வருஷத்தில் பாதி நாள் விடுமுறை!" என்று சொல்லாத மனிதர் இவ்வுலகில் வாத்தியாரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த விடுமுறையில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஈ ஓட்டுகிறோம்" என்றுதான் நான் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேயர்கள் அவசரப்பட்டுச் சிரித்துவிடக் கூடாது. வேலையற்றவர்கள் ஓட்டும் ஈயைப் பற்றி நான் சொல்லவில்லை. கோழி இறகையும் பட்டு நூலையும் கொண்டு தூண்டில் முள்ளின் மேல் கட்டப்பட்ட பொய் ஈயைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் தண்ணீரின் மேல் மெல்ல விழச் செய்து, நிஜ ஈ என்று மீனை நம்ப வைப்பது ஒரு கலை. அந்தக் கலையில் நாங்கள் ஐந்து உபாத்தியாயர்கள் சில வருஷங்களாக மாணாக்கர்களாக இருக்கிறோம். தேர்ச்சி பெற்றோம் என்று சொல்ல மாட்டேன்.

சிறு பையனாக இருந்தபோது காலிங்கராயன் வாய்க்காலில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டவன் நான். அதில் சிரமம் ஒன்றும் இல்லை. தூண்டிலைத் தண்ணீரில் எறிந்துவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இந்த ஈத் தூண்டில் அப்படிப்பட்டதல்ல. ஈக்குக் கனமே கிடையாது. அதை எறிய முடியாது. ஆகையால் கயிற்றையே கனமாகச் செய்திருக்கிறார்கள். ஒன்பது அடிக் கோலை மேலே தூக்கினால் கயிறு முதுகுப் பக்கம் பறக்கிறது. அது பின்னால் முழுவதும் நீளும் வரையில் பொறுத்திருந்து, பிறகு கோலை முன்னே கொண்டுவர வேண்டும். பொறுமை இழந்தால் ஈ தண்ணீருக்குப் போகாமல் நம் காதுக்கு வந்து சேரும். மாணாக்கர்களிடம் பொறுமையைப் பற்றி இருபது வருஷம் பேசியவன், அது என்னவென்று கற்றுக்கொண்டது இந்தக் கோலிடம்தான்.

எங்கள் கோஷ்டியில் கணித ஆசிரியர், ரசாயன ஆசிரியர், தேகப் பயிற்சி ஆசிரியர், தமிழாசிரியரான புலவர் ஐயா ஆகியோருடன் நானும் ஒருவன். கணிதம் கடற்கரைக்குப் போகலாம் என்றால் ரசாயனம் ஏரி என்பார். தேகப் பயிற்சி மலையைத் தவிர வேறொன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார். புலவர் ஐயா மட்டும், "எங்கே போனாலும் சரி" என்பார். எங்களில் மூத்தவர் அவர். முழங்கால் வலிக்காரர். காரியதரிசி வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் மலை ஜெயித்தது. நீலகிரி ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் இருக்கிறதல்லவா? அது இந்த மண்ணுக்கு உரியதல்ல. 1863-ஆம் வருஷத்தில் பிரான்ஸிஸ் டே என்ற ராணுவ வைத்தியர் இங்கிலாந்திலிருந்து அதைக் கொண்டுவர முயன்று தோல்வியடைந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். ஸி. வில்ஸன் என்பவர் எடுத்த முயற்சியினால்தான் வானவில் டிரௌட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் ஏற்பட்டது. குளிர்ந்து ஓடும் நீர்தான் அதற்கு வேண்டும். நீர் வெதும்பினால் அதிலுள்ள பிராணவாயு குறையும். இந்த மீன் தாங்காது.

இவ்வளவையும் படித்து வைத்திருந்தேன். அனுமதி வாங்கினேன். நாற்பத்து மூன்று சாமான்கள் கொண்ட ஜாபிதா ஒன்றும் தயாரித்தேன். கோல், கயிறு, ஈ, இடுக்கி, கம்பளி, காப்பிப் பாத்திரம் என்று அதில் இல்லாதது ஒன்றும் இல்லை என்று பெருமைப்பட்டேன்.

ஓடைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் மடுவை யார் பிடிப்பது என்று நாங்கள் நால்வரும் மேலே ஓடினோம். பாசி படிந்த உருண்டைக் கற்களின் மேல் புலவர் ஐயாவால் வர முடியவில்லை. "நான் இங்கேயே வேடிக்கை பார்க்கிறேன்" என்று ஓடையின் நடுவிலிருந்த தட்டைப் பாறை ஒன்றில் குடையோடு உட்கார்ந்துவிட்டார். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. ஆனால் மேல்மலையில் மழை பெய்திருக்கிறது. தெளிந்திருந்த தண்ணீரில் முதலில் சருகுகள் மிதந்து வந்தன; பிறகு நிறம் கலங்கிற்று. மலையோடை சொல்லும் எச்சரிக்கை அதுதான். எங்களுக்கு மீனைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

கூச்சல் கேட்டுத் தேகப் பயிற்சி ஆசிரியர் கீழே ஓடியபோது, புலவர் ஐயா இடுப்பளவு வெள்ளத்தில் ஒரு மரத்தின் வேரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தார். குடை போய்விட்டது. அவரைக் கரை சேர்த்ததும், நடுங்கிக்கொண்டே, "மீன் பிடிக்க வந்தேன், வேர் பிடித்தேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறேன். மூன்று வாரம் அவர் கைத்தடியுடன் வகுப்புக்கு வந்தார்.

மறு வருஷம் பிரயாணப் பேச்சை எடுத்தபோது, "நீங்கள் போய் வாருங்கள், ஸார். நான் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னார். அந்த வருஷம் யாரும் போகவில்லை.

அன்றிரவு பழைய ஜாபிதாவை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. மீனுக்கு எந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று விசாரித்த நான், புலவர் ஐயாவுக்கு எந்தக் கரை ஒத்துக்கொள்ளும் என்று விசாரிக்கவில்லை.

ஆகவே, இந்த வருஷம் வேறு விதமாகத் தொடங்கினேன். வெள்ளைக் காகிதத்தில் முதலில் ஐந்து பெயர்களை எழுதினேன். எவ்வளவு தூரம் நடப்பார், நீந்தத் தெரியுமா, உண்மையில் அவருக்கு என்ன ஆசை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டேன். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. கணித ஆசிரியருக்குக் கடல் மீனில் ஆசை இல்லை. சூரியோதயத்தைக் கடற்கரையில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் எங்களுடன் தண்ணீரில் இறங்கிய ரசாயன ஆசிரியருக்கு நீந்தவே தெரியாது! வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

பெயர்களை எழுதிய பிறகுதான் இடங்களை எழுதினேன். கடற்கரையில் மணல் சமமாக இருக்கும், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. ஆனால் காற்று நமக்கு எஜமானன். பகல் ஏற ஏறக் கடற்காற்று முகத்தில் அடிக்கும்; கயிறு முன்னே போகாது. விடியற்காலையில்தான் எறிய வேண்டும். டிரௌட்டுக்கு ஐந்தாம் எண் கோல் போதும். பாறை, கொடுவா போன்ற கடல் மீன்களுக்கு எட்டாம் எண்ணோ ஒன்பதாம் எண்ணோ வேண்டும். திரும்பியதும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மலையோடையில் ஒரு மடுவுக்கு இருவர் போதும். ஐந்து பேர் சேர்ந்து போனால் மீனுக்கு முன்கூட்டியே தந்தி கொடுத்தது போலாகும்.

ஏரியோ குளமோ என்றால் எல்லோரும் ஒரே கரையில், ஒருவருக்கொருவர் அறுபது அடி இடைவெளி விட்டு நிற்கலாம். முதுகுக்குப் பின்னால் மரமும் மனிதரும் இல்லாத இடமாக இருந்தால் போதும். கண்ணாடி அணியாதவர்களும் அன்று ஒரு கண்ணாடி அணிய வேண்டும். பறந்து வரும் முள்ளுக்குக் கண் என்றும் காது என்றும் வித்தியாசம் தெரியாது.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளம் கிடைத்தது. சொந்தக்காரர் மனமுவந்து அனுமதித்தார். அதில் இருப்பது கார்ப் மீன். 1939-ல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட ஜாதி. குளக்கரை வரையில் வண்டி போகும்.

புலவர் ஐயாவிடம் நான் "வாருங்கள்" என்று சொல்லவில்லை. "ஈ கட்டித் தர ஒருவர் வேண்டும், ஐயா. எங்கள் கைகளுக்கு வரவில்லை" என்றேன். அது பொய்யல்ல. ஒரு மாதத்தில் வீட்டுச் சேவலின் இறகையும் அம்மாளின் பூத்தையல் நூலையும் கொண்டு முப்பது ஈக்கள் கட்டிவிட்டார். நம் மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு ஒரு காலத்தில் கப்பலேறி, இங்கிலாந்துத் துரைமார்களின் தூண்டிலை அலங்கரித்தது என்று நான் சொன்னபோது, "அது காட்டிலேயே இருக்கட்டும், நம் சேவல் போதும்" என்றார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள் காலையில் ஐவரும் அந்தக் கரையில் நின்றோம்; புலவர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீனைத் திரும்ப விட்டுவிடுவதென்று எங்களுக்குள் ஏற்பாடு. ஆகையால் முள்ளிலுள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டிருந்தோம். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். "பிடித்ததை விடுவதற்கா இத்தனை தூரம் போகிறாய்?" என்று என் தாயார் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

எங்களில் மூவர் நிஜமாகவே ஈ ஓட்டினோம். தேகப் பயிற்சி ஆசிரியர் ஒரு மீன் பிடித்தார். பத்து மணி சுமாருக்குப் புலவர் ஐயாவின் கோல் திடீரென்று வளைந்தது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பொன்னிறமான முதுகு ஒன்று தண்ணீருக்கு மேலே புரண்டது. அடுத்த விநாடி கயிறு தளர்ந்தது; மீன் உதறிக்கொண்டு போய்விட்டது.

யாருக்கும் பேச்சு எழவில்லை. அவர் கயிற்றை மெதுவாகச் சுற்றி, ஈயைக் கையில் எடுத்து, நனைந்த இறகை ஊதிப் பார்த்தார்.

"நான் கட்டிய ஈ அதற்குப் பிடித்திருந்தது அல்லவா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பொங்கல் விடுமுறைக்குக் கடற்கரைதானே, ஸார்? எட்டாம் எண் கோலுக்குக் கொஞ்சம் பெரிய ஈயாகக் கட்ட வேண்டியிருக்குமே!" என்றார்.