ஓரத்தில் இருந்த பெயர்

ஆறாம் வகுப்புக்குப் பறவைகளின் அலகைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டும். மீன் வந்து இடித்ததும் டப்பென்று மூடிக்கொள்ளும். வாயால் மட்டும் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். படத்தைப் போட்டதும் முன்பெஞ்சு எழுந்தே நின்றுவிட்டது.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: "டீச்சர், இது எங்கப்பா எடுத்த போட்டோ."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"நெசமா டீச்சர். கூந்தன்குளத்துல எடுத்தது. வீட்டுல மாட்டியிருக்கோம். கீழ எங்கப்பா பேரு இருக்கும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே பெயர் இருக்கத்தான் செய்தது. வலது மூலையில், வெள்ளை எழுத்தில். கண்ணை உறுத்துகிறதே என்று முந்தின ராத்திரி நான்தான் அதை கிராப் பண்ணினேன். கூகுளில் தேடி எடுத்தது என்பதால் என் மனசுக்குள் அது 'கூகுள் படம்'. அதை யாரோ ஒருவர் எடுத்திருப்பார் என்று தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் பயத்தில்தான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு நமக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விரிவான பொருளே சொன்னது. மறுவருடம் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அதே சட்டத்தில் 57ஆவது பிரிவும் இருக்கிறது. 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளிக்கு உண்டு. காப்புரிமையை விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். நான் வெட்டி எறிந்தது அதைத்தான்.

இன்னொன்றும் செய்திருந்தேன். அந்த ஸ்லைடுகளை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டிருந்தேன். அது வகுப்பறை இல்லை. அங்கிருந்து எத்தனை குழுக்களுக்குப் போனதோ! முதல் ஸ்லைடில் 'தயாரிப்பு' என்று கொட்டை எழுத்தில் என் பெயர்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பா வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாடத்துக்குத்தான எடுத்திய. அதுக்கென்ன டீச்சர்."

டீ வந்தது. குடித்து முடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"ரெண்டு நாளு விடியக்காலம் கொசுக்கடியில உக்காந்து எடுத்தேன். கல்யாண ஆல்பத்துல யாரும் என் பேரைப் பாக்கப் போறதில்ல. இந்த மாதிரி படத்துலதான் போட்டு வச்சிக்கிடுதேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிள்ள வந்து கேட்டா டீச்சர். ஸ்கூல்ல காட்டுன படத்துல ஒங்க பேரு ஏம்ப்பா இல்லன்னு. என்ன சொல்லன்னு தெரியல."

வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதற்காக எத்தனை பிள்ளைகளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்!

படத்தை முழுசாகப் போட்டு, அவர் பெயரோடு, வருத்தமும் தெரிவித்துக் குழுவில் மறுபடி அனுப்பினேன். பழையது இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இப்போது விக்கிமீடியா காமன்ஸில் தேடுகிறேன். அங்கே பெரும்பாலும் எடுத்தவர் பெயரும் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதும் படத்தோடேயே இருக்கும். அதைப் பார்த்து ஸ்லைடில் ஒரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகிறது.

அடுத்த வாரம் பிள்ளைகளை நாரை வரையச் சொன்னேன். ஒரு பையன் கொண்டுவந்த படத்தில் அலகு ரொம்பவே நீளம். மூலையில் இரண்டு வரி எழுதியிருந்தான். முதல் வரியில் போட்டோ எடுத்தவர் பெயர். அதன் கீழே, 'பார்த்து வரைந்தது' என்று அவன் பெயர்.